மலைக்கு ஏஎம்டி ஆட்டோமேட்டிக் தாங்குமா, மேனுவலே வாங்கிவிடலாமா?

வணக்கம். சேலத்தில் இருக்கிறோம். சின்ன எஸ்யூவி வாங்க எக்ஸ்டர், ஃபிராங்க்ஸ், பிரெஸ்ஸா மூன்றையும் பார்த்து வைத்திருக்கிறோம். வண்டியைக்கூட முடிவு செய்துவிடலாம் போல, கியர்தான் இழுத்துக்கொண்டே போகிறது.

வீட்டில் அதிகம் ஓட்டப்போவது மனைவி. ஐந்து ரோடு சந்திப்பு நெரிசலில் கிளட்ச் மிதித்து முழங்கால் போகிறது, ஆட்டோமேட்டிக்தான் வேண்டும் என்கிறார். நியாயம்தான். ஆனால் மாமனார் வீடு கொல்லிமலையில். 70 கொண்டை ஊசி வளைவுகள், நான்கு பேர், திரும்பும்போது பலாப்பழ மூட்டை வேறு!

எக்ஸ்டரிலும் ஃபிராங்க்ஸ் 1.2 லிட்டரிலும் வருவது ஏஎம்டி. அதே மேனுவல் கியர்பாக்ஸ்தான், கிளட்சையும் கியரையும் நமக்குப் பதில் மோட்டார் இயக்குகிறது. மைலேஜ் குறையாது, சரி. கியர் மாறும்போது வரும் அந்த ஆட்டத்தையும் பொறுத்துக்கொள்ளலாம். பிரெஸ்ஸாவிலும் ஃபிராங்க்ஸ் டர்போவிலும் 6 கியர் டார்க் கன்வெர்ட்டர், அதாவது கிளட்சுக்குப் பதில் எண்ணெய் வழியே விசையைக் கடத்தும் ஆட்டோமேட்டிக்; ஓட்டிப் பார்த்தேன், வெண்ணெய். பிரெஸ்ஸாவில் மேனுவலைவிட லட்சத்துக்கு மேல் கூடுதல் என்றதும் கை பின்வாங்குகிறது.

ஏஎம்டியில் மலை ஏறியவர்கள் சொல்லுங்கள். வளைவில் எதிரே பஸ் வந்து நிறுத்தி எடுக்கும்போது பின்னால் உருளுகிறதா? மேனுவல் மோடில் போட்டால் இரண்டாவது கியரிலேயே நிற்குமா, தானாக மாறிவிடுமா? இறக்கத்தில் என்ஜின் பிரேக் (ஆக்சிலரேட்டரை விட்டதும் என்ஜினே வேகத்தைப் பிடித்துக்கொள்வது) கிடைக்கிறதா? அப்புறம், கிளட்ச் எத்தனை கிலோமீட்டரில் மாற்றினீர்கள், எவ்வளவு ஆனது? ஷோரூமில் கேட்டால் எல்லாமே சூப்பர் என்கிறார்கள். ஓட்டியவர்கள் மட்டும் சொன்னால் நல்லது.