பேஸ்ட் மாற்றப் போனால் ப்ராசசரே கையோடு வந்தது

அத்தை மகனிடம் இருப்பது ரைசன் 5 3600 ப்ராசசர் போட்ட டெஸ்க்டாப். ப்ராசசரோடு பெட்டியில் வந்த ரெய்த் ஸ்டெல்த் கூலர்தான். வாங்கியதிலிருந்து யாரும் அதைத் தொட்டதில்லை. கேம் ஓடினால் வெப்பம் 95 டிகிரிக்குப் போய்விடும். அந்தச் சிப்புக்கு அதுதான் உச்சவரம்பு, அங்கே போனதும் தன் வேகத்தைத் தானே குறைத்துக்கொள்ளும். ஒரு கடையில் "மதர்போர்டு போச்சு, மாத்தணும்" என்றார்களாம். கேபினெட்டைத் திறந்துகூடப் பார்க்காமல்!

ப்ராசசருக்கும் கூலருக்கும் நடுவில் வெப்பத்தைக் கடத்தத் தடவும் தெர்மல் பேஸ்டை மாற்றிப் பார்க்கலாம் என்று முடிவு செய்தோம். பேஸ்ட் தடவுவது பெரிய வேலை இல்லை. கூலரைக் கழற்றுவதில்தான் கண்டம். நான் போய்ச் சேர்வதற்குள் பையன் நான்கு திருகையும் கழற்றி, நேராக மேலே இழுத்திருக்கிறான். ப்ராசசரும் ஒட்டிக்கொண்டே வந்துவிட்டது. சாக்கெட்டின் லீவர் பூட்டியபடிதான் இருந்தது. ஏஎம்4 என்ற இந்தச் சாக்கெட் வகை போர்டில் அந்த லீவர் பிடிப்பது அடியில் உள்ள 1331 பின்களை மட்டும்தான். மேலிருந்து அழுத்திப் பிடிக்க எதுவும் கிடையாது. காய்ந்த பேஸ்டின் பிடி அதைவிட வலுவாக இருந்தால் இப்படித்தான் ஆகும்.

ஸ்குரூடிரைவர் விட்டு நெம்பவில்லை. ஹேர் டிரையரால் கொஞ்சம் சூடு காட்டி, பல் இடுக்கைச் சுத்தம் செய்யும் நூலை நடுவில் விட்டு மெல்ல இழுத்ததில் பிரிந்து வந்தது. ஒரு மூலையில் சில பின்கள் சாய்ந்திருந்தன. மைக்ரோடிப் பென்சிலில் லெட்டை எடுத்துவிட்டால் முனையில் ஒரு சின்னக் குழாய் இருக்கும் அல்லவா, அதைப் பின்மேல் மாட்டி, கொஞ்சம் கொஞ்சமாக நிமிர்த்தினோம். அவசரப்பட்டால் ஒடிந்துவிடும். சாக்கெட்டில் வைக்கும்போது ப்ராசசர் தானாக இறங்கி உட்கார வேண்டும். அழுத்தினால்தான் இறங்கும் என்றால் இன்னும் ஏதோ ஒரு பின் கோணலாக இருக்கிறது.

இந்த வம்பே வேண்டாம் என்றால், முதலில் பத்து நிமிடம் கேம் ஓடவிடுங்கள். பேஸ்ட் சூட்டில் இளகும். அப்புறம் அணைத்து, பவர் கார்டைப் பிடுங்கி, திருகுகளைக் கழற்றியதும் கூலரை இடமும் வலமுமாகத் திருப்பிப் பிடி விட்ட பிறகே தூக்குங்கள். கேபினெட்டைப் படுக்கவைப்பது நல்லது. இந்தக் கூலரின் திருகுகள் போர்டுக்குப் பின்னால் உள்ள தகட்டில்தான் இறங்குகின்றன. நிற்கவைத்துக் கழற்றினால் தகடு நழுவிக் கீழே விழும்.

பழைய பேஸ்டைத் துடைக்க 99 சதவீத ஐசோப்ரொப்பைல் ஆல்கஹால். வீட்டில் சானிடைசர் இருக்கிறதே என்று எடுக்காதீர்கள், பலவற்றில் கிளிசரின் கலந்திருக்கும். நடுவில் ஒரு பட்டாணி அளவு பேஸ்ட் போதும். காற்றோடு ஒப்பிட்டால் பேஸ்ட் வெப்பத்தை நூறு மடங்குக்கு மேல் கடத்தும். ஆனால் செம்பு, அலுமினியத்துக்குப் பக்கத்தில் அது வரவே முடியாது. இரண்டு உலோகப் பரப்புக்கும் நடுவில் உள்ள நுண்ணிய பள்ளங்களை நிரப்பத்தான் அது. கனமாக அப்பினால் நமக்குத்தான் நஷ்டம்.

இப்போது அதே கேமில் 80-ஐத் தாண்டுவதில்லை. ஹீட்சிங்க், அதாவது கூலரின் உலோகத் தகடுகளின் இடுக்குகளில் கம்பளி மாதிரி அடைந்திருந்த தூசியையும் அன்றைக்கே எடுத்தோம். அதனால் பேஸ்டுக்கு மட்டும் முழுப் பெருமையையும் கொடுக்க எனக்கு மனம் வரவில்லை.

மறுமொழி:
லேப்டாப் வைத்திருப்பவர்களுக்கு வேறு தொல்லை. அதில் ப்ராசசருக்கு மேல் உலோக மூடி கிடையாது, சிலிக்கான் மேலேயே ஹீட்சிங்க் உட்காரும். சூடேறி ஆறி, சூடேறி ஆறி, பேஸ்ட் ஓரத்துக்குப் பிதுங்கிவிடும். என் லேப்டாப்பில் நல்ல பேஸ்ட் போட்டும் சில மாதங்களில் பழையபடி கொதித்தது. அப்புறம் பேஸ்டுக்குப் பதிலாக ஹனிவெல்லின் பிடிஎம்7950 ஷீட்டை வெட்டி வைத்தேன். அறை வெப்பத்தில் திடமாக இருக்கும், 45 டிகிரி வாக்கில் இளகி மெல்லிய படலமாகப் பரவும். அதன் பிறகு திறக்க வேண்டி வரவில்லை. திறந்ததும் முதல் வேலையாக பேட்டரி கனெக்டரைக் கழற்றிவிடுங்கள். ஹீட்சிங்க் திருகுகள் பக்கத்தில் 1, 2, 3, 4 என்று எண் போட்டிருந்தால் அதே வரிசையில் கொஞ்சம் கொஞ்சமாக முடுக்குங்கள்.

மறுமொழி:
பிஎஸ்5 கேம் கன்சோலிலேயே பேஸ்டுக்குப் பதில் லிக்விட் மெட்டல் என்ற திரவ உலோகம்தான் என்று என் நண்பர் அதை வாங்கி வந்துவிட்டார். அவர் கூலரின் அடிப்பாகம் அலுமினியம். லிக்விட் மெட்டலில் உள்ள காலியம் என்ற உலோகம் அலுமினியத்துக்குள் ஊடுருவி அதை உதிர வைத்துவிடும். லிக்விட் மெட்டல் மின்சாரமும் கடத்தும், போர்டில் ஒரு துளி சிந்தினாலும் ஷார்ட்டுதான். ட்யூபைத் திறக்கும் முன் தடுத்துவிட்டோம்.

மறுமொழி:
அண்ணா, ஏஎம்4-க்கு அடுத்து வந்த ஏஎம்5 போர்டு புதுசாக வாங்கினாலும் இப்படிப் பிடுங்கிக்கொண்டு வருமா? வருஷா வருஷம் பேஸ்ட் மாற்ற வேண்டுமா?

மறுமொழி:
வராது தம்பி. 2022-இல் வந்த ஏஎம்5-இல் பின்கள் போர்டு பக்கம் போய்விட்டன, ப்ராசசரை மேலிருந்து ஓர் உலோகச் சட்டம் அழுத்திப் பிடிக்கிறது. வருஷக் கணக்கு பார்க்காதே. அதே வேலைக்கு முன்பைவிட சூடு ஏறினால் முதலில் தூசியைத் தட்டு, அதற்கும் இறங்கவில்லை என்றால் பேஸ்டை மாற்று.