என்ட்ரோபிக்குத் 'திரியல்' பொருந்துமா?

ஆற்றல் தானாக எந்தத் திசையில் மாறும் என்பதைக் காட்டும் அளவுதான் என்ட்ரோபி (entropy). அந்தப் பெயரை ஒலிபெயர்ப்பாகவே விட்டுவிடலாம் என்போரின் வாதத்தில் நியாயம் இல்லாமல் இல்லை. தமிழ்நாட்டுப் பாடநூல்களில் அது பழகிவிட்டது. தேர்வு எழுதும் மாணவருக்கு அது போதும். ஆனால் வெப்பமும் ஆற்றலும் பற்றிய வெப்ப இயக்கவியலைப் பொது வாசகருக்கு எழுத முனைகிறவர், வெப்ப உள்ளடக்கத்தைக் குறிக்கும் என்தால்பியையும் (enthalpy) என்ட்ரோபியையும் ஒரே பத்தியில் வைத்துப் பார்த்தால் சிக்கல் புரியும். இரண்டும் காதில் ஒன்றுபோல் விழுகின்றன, இரண்டுமே பொருளைப் பற்றி எந்தக் குறிப்பும் தருவதில்லை. இலங்கைத் தமிழில் என்தால்பியை 'வெப்பவுள்ளுறை' என்று எழுதி ஒரு பாதியையாவது தீர்த்துவிட்டார்கள். மறுபாதிக்குத் 'திரியல்' என்ற சொல்லை முன்வைக்கிறேன்.

முதலில் 'ஒழுங்கின்மை'யை ஏன் ஏற்க முடியவில்லை என்று சொல்லிவிடுகிறேன், ஏனெனில் பெரும்பாலானோர் கை நீட்டுவது அதை நோக்கித்தான். நாம் பெயரிட வேண்டியது ஓர் அளவு. அதற்கு ஜூல்/கெல்வின் என்ற அலகு உண்டு, அட்டவணையில் எண்ணாக உட்காரும். 'இந்த இரும்புத் துண்டின் ஒழுங்கின்மை இத்தனை ஜூல்/கெல்வின்' என்று எழுதினால் வாசகர் கலைந்து கிடக்கும் அறையைத்தான் நினைப்பார். அதைவிடப் பெரிய குறை, அது சில இடங்களில் நேர்ப்பிழையாகவே முடிகிறது என்பது. 1957இல் ஆல்டர், வெயின்ரைட் என்ற இரு இயற்பியலாளர்கள், ஒன்றையொன்று சற்றும் ஈர்க்காத, மோதித் திரும்ப மட்டுமே தெரிந்த கடினக் கோளங்களைக் கணினியில் ஓடவிட்டார்கள். அடர்த்தி ஓரளவைத் தாண்டியதும் அவை தாமாகவே படிக வரிசையில் அமைந்தன. ஈர்ப்பு இல்லாததால் ஆற்றல் காரணமாக இருக்க முடியாது. வரிசையாக அடுக்கப்படும்போது ஒவ்வொரு கோளத்துக்கும் அசைய இடம் கூடுகிறது, ஆகவே படிகத்தின் என்ட்ரோபிதான் அங்கே அதிகம். ஒழுங்கு கூடக் கூட 'ஒழுங்கின்மை'யும் கூடுகிறது என்று எந்த முகத்தோடு எழுதுவது?

'சிதறம்' இதைவிட நல்ல ஆக்கம், சுருக்கமானதும்கூட. ஆனால் ஒளிச்சிதறல், துகள் சிதறல் என்று இயற்பியலில் சிதறலுக்கு வேறு வேலை இருப்பதால் அருகருகே வரும்போது இடறும். 'சீரழிவு', 'ஆற்றல் இழப்பு' போன்றவை பேசவே தேவையில்லாதவை. ஆற்றல் இழக்கப்படுவதில்லை என்பதுதானே வெப்ப இயக்கவியலின் முதல் விதி.

ஜெர்மன் இயற்பியலாளர் கிளாசியஸ் 1865இல் என்ட்ரோபி என்ற பெயரை எப்படி அமைத்தார் என்பது நமக்கு வழிகாட்டும். திரும்புதல், மாறுதல் என்று பொருள்படும் 'த்ரோப்பே' என்ற கிரேக்கச் சொல்லை எடுத்து, எனர்ஜி என்ற சொல்லோடு வேண்டுமென்றே ஓசை ஒத்துப்போகும்படி ஆக்கினார். இரண்டு அளவுகளும் உறவுடையவை, பெயரிலும் அது தெரியட்டும் என்பது அவர் கருத்து. நம்மிடம் 'திரி' என்ற வினை இருக்கிறது. சுழல்வதும் அலைவதும் மாறுவதும் அதன் பொருள்கள். பால் திரிந்தால் மீண்டும் பாலாகாது என்பது எந்த வீட்டிலும் தெரிந்த செய்தி. ஆற்றல் என்பதன் ஈற்றோடு ஒத்துப்போகும்படி அதைத் 'திரியல்' என்று ஆக்கலாம். 'திரிபு' என்றே வைத்துக்கொள்ளலாமே என்று கேட்கக்கூடும். பொறியியலில் உருத்திரிபு என்றும் உயிரியலில் வைரஸ் திரிபு என்றும் அது ஏற்கெனவே பல வீடுகளுக்கு வாழ்க்கைப்பட்டுவிட்டது.

இன்னொரு காரணம் நன்னூல் பக்கத்திலிருந்து வருகிறது, எனக்கு இதுவே வலுவானதாகப் படுகிறது. புணர்ச்சி விகாரங்களைத் தோன்றல், திரிதல், கெடுதல் என்று மூன்றாக வகுத்துப் பள்ளியிலேயே படித்திருக்கிறோம். ஆற்றலுக்குத் தோன்றலும் இல்லை, கெடுதலும் இல்லை. அதுதான் முதல் விதி. எஞ்சியிருப்பது திரிதல் ஒன்றுதான், இரண்டாம் விதி பேசுவது அதைப் பற்றியே.

சொல்லைக் கணக்கில் போட்டுப் பார்ப்போம். 0 டிகிரி செல்சியஸில் இருக்கும் 1 கிலோ பனிக்கட்டி, 30 டிகிரி வெப்பமுள்ள அறையில் உருகுகிறது. அது வாங்கிக்கொள்ளும் வெப்பம் ஏறத்தாழ 3,34,000 ஜூல். பெற்ற வெப்பத்தைக் கெல்வின் வெப்பநிலையால் வகுத்தால், பனியின் திரியல் ஏற்றம் 3,34,000/273, அதாவது சுமார் 1,223 ஜூல்/கெல்வின். அதே வெப்பத்தை இழந்த அறைக்காற்று 303 கெல்வினில் இருப்பதால் அதன் திரியல் இறக்கம் சுமார் 1,102 மட்டுமே. கொடுத்ததும் வாங்கியதும் ஒரே அளவு ஆற்றல். ஆனாலும் மொத்தத் திரியல் 121 ஜூல்/கெல்வின் கூடிவிட்டது. அறைக்காற்று தானாகப் பனியை மீண்டும் உறையவைக்க வேண்டுமானால் இந்த 121 குறைந்தாக வேண்டும், மொத்தத் திரியல் தானாகக் குறையாது என்ற இரண்டாம் விதி அதற்கு இடம் தருவதில்லை.

'திரியல் மாற்றம்' என்று எழுதினால் கூறியது கூறல் ஆகாதா என்பது நியாயமான மறுப்பு. மேலே செய்ததுபோல் ஏற்றம், இறக்கம் என்று எழுதினால் அது எழாது; திசையும் உடனே தெரிந்துவிடும். அசையாமல் கிடக்கும் பொருளுக்குத் திரியல் எப்படி என்றும் கேட்கலாம். கிளாசியஸே இதை ஒரு பொருளின் 'மாற்ற உள்ளடக்கம்' என்றுதான் விளக்கினார். ஆற்றல் என்ற சொல்லும் செயலிலிருந்து பிறந்து, சும்மா இருக்கும் பொருளுக்குள் உறையும் அளவாகிவிட்டது. 25 டிகிரியில் வைரத்தின் திட்டத் திரியல் மோலுக்கு 2.4, கிராஃபைட்டினுடையது 5.7 ஜூல்/கெல்வின் என்று எழுதும்போது எனக்கு உறுத்தவில்லை.

என்ட்ரோபியை அணுக்களின் வழியாக விளக்கிய ஆஸ்திரிய இயற்பியலாளர் போல்ட்ஸ்மான் பக்கத்துக்கு இன்னொரு சொல் வேண்டும். வெளியே ஒரே தோற்றம் தரும் ஒரு நிலைக்குள் அணுக்கள் எத்தனை விதமாக அமைந்திருக்கலாம் என்ற எண்ணிக்கையை 'நிலைப்பன்மை' என்று அழைத்தால், வியன்னாவில் அவர் கல்லறையில் பொறிக்கப்பட்டிருக்கும் சமன்பாட்டைத் தமிழில் ஒரே வரியில் சொல்லலாம்: திரியல் என்பது நிலைப்பன்மையின் மடக்கையைப் போல்ட்ஸ்மான் மாறிலியால் பெருக்கக் கிடைப்பது. இரண்டு பொருள்களைச் சேர்த்தால் நிலைப்பன்மைகளை ஒன்றோடொன்று பெருக்க வேண்டும், திரியல்களையோ கூட்டினால் போதும்; பெருக்கலைக் கூட்டலாக்குவது மடக்கை. மடக்கை அங்கே வந்தது இதனால்தான். அமெரிக்கக் கணிதவியலாளர் ஷானன் 1948இல் செய்திக் கோட்பாட்டுக்கு எடுத்துச் சென்ற அளவையும் 'தகவல் திரியல்' என்று சொல்லலாம், ஆனால் அங்கே திரிதல் என்ற கருத்து வலுவாக ஒட்டவில்லை என்பதால் அத்துறையினர் வேறு சொல் வைத்துக்கொள்ள விரும்பினால் எனக்கு மறுப்பில்லை. வெப்ப இயக்கவியலில் திரியல் மாறாமல் நடக்கும் செயல்முறைக்கு 'நிகர்திரியல்' என்று தற்காலிகமாக எழுதிவருகிறேன். வெப்பம் புகாச் செயல்முறையோடு குழம்பாத, இதைவிடத் தெளிவான சொல் கிடைத்தால் மாற்றிக்கொள்ளலாம்.