மியூசிக் வீடியோ: பாட்டே இல்லாத இடத்தில் 'பாடல் காட்சி' என்று எப்படி எழுதுவது?

குழுவினருக்கு வணக்கம்.

கெமிக்கல் பிரதர்ஸ் என்ற இங்கிலாந்து மின்னணு இசைக் குழுவின் மியூசிக் வீடியோக்களைப் பற்றி ஒரு கட்டுரை எழுதிக்கொண்டிருக்கிறேன். இரண்டாவது பத்தியிலேயே மாட்டிக்கொண்டேன். மியூசிக் வீடியோ என்பதை யோசிக்காமல் 'பாடல் காட்சி' என்று எழுதியிருந்தேன். திரும்பப் படித்தபோது நெருடியது. பாடல் காட்சி என்றதும் நமக்கு என்ன தோன்றுகிறது? ஒரு திரைப்படம், அதில் ஒரு கதை, கதைக்கு நடுவே இரண்டு பேர் வாயசைப்பது. இங்கே திரைப்படமும் இல்லை, வாயசைக்க ஆளும் இல்லை. பல சமயம் பாட்டே இல்லை.

அவர்களுடைய 'ஸ்டார் கிட்டார்' என்று ஒன்று. 2002இல் வந்தது. இயக்கியவர் பிரெஞ்சுக்காரரான மிஷேல் கோந்த்ரி. ஓடும் ரயிலின் சன்னலுக்கு வெளியே தெரிவதைக் காட்டுகிறார், அவ்வளவுதான். கம்பங்கள், கட்டடங்கள், பாலம், எதிரே வரும் ரயில். முதல் அரை நிமிடம் யாரோ பயணத்தில் பொழுதுபோகாமல் எடுத்த படம் என்றே நினைப்போம். அப்புறம்தான் பிடிபடும்: டிரம் விழும்போதெல்லாம் ஏதோ ஒன்று சன்னலைக் கடக்கிறது. அதே ஒலி மறுபடி வந்தால் அதே கட்டடமும் மறுபடி வருகிறது. இசையில் புதிதாக ஓர் ஒலி சேர்ந்தால் தண்டவாளத்தோரம் புதிதாக ஒரு பொருள் முளைக்கிறது. பிடிபட்ட பிறகு அதை வெறும் சன்னல் காட்சியாகப் பார்க்கவே முடிவதில்லை.

எனக்கு இரண்டு சொற்கள் வேண்டும். ஒன்று, மியூசிக் வீடியோ என்பதற்குப் பொதுவான சொல். இன்னொன்று, ஸ்டார் கிட்டாரில் நடக்கிறதே, அதற்கு.

*

தம்பி,

முதலாவதற்குப் புதுச்சொல் தேடி அலைய வேண்டாம். 'இசைக்காணொளி' ஏற்கெனவே புழங்குகிறது. பாட்டு இருந்தாலும் இல்லாவிட்டாலும் இசை இருக்கும், ஆகவே பொருந்தும். 'இசைப்படம்' சுருக்கமாக இருந்தாலும் பாட்டுகள் நிறைந்த முழுநீளப் படத்தைத்தான் நினைவூட்டும். 'தனிப்பாடல் காட்சி' என்று யாராவது கிளம்பினால் அதையும் இப்போதே தடுத்துவிடுகிறேன். தனிப்பாடல் என்றால் என்னைப் போன்ற கிழவர்களுக்குக் காளமேகம்தான் நினைவுக்கு வருவார்.

காணொளியா காணொலியா என்ற சண்டையை மட்டும் தயவுசெய்து இந்த இழையில் தொடங்க வேண்டாம். 'ஒலி எங்கே போயிற்று' என்று கேட்பவர்களுக்கு இந்தச் சொல்லில் விடை இருக்கிறது. இசை என்பது முன்னால் வந்துவிடுவதால் ஒலிக்குக் குறையில்லை.

நீ அனுப்பிய வரைவில் 'மின்னணு நடன இசை' என்று இருக்கிறது. நடன இசை என்றால் சலங்கை கட்டிய கால்தான் தெரிகிறது. 'ஆடலிசை' என்று வைத்துக்கொள். மின்னணு ஆடலிசை. இன்னொன்று, 'பிரதர்ஸ்' என்பதைச் சகோதரர்கள் என்று மொழிபெயர்த்துவிடாதே.

இரண்டாவது சொல் எதற்கு என்றுதான் எனக்குப் புரியவில்லை. ஒலியும் படமும் பொருந்தி வருவதற்கு 'ஒத்திசைவு' என்ற சொல் இருக்கிறதே, போதாதா?

*

ஐயா, வணக்கம்.

> 'பிரதர்ஸ்' என்பதைச் சகோதரர்கள் என்று மொழிபெயர்த்துவிடாதே.

நல்லவேளை சொன்னீர்கள். குழுவில் இருப்பது இரண்டே பேர். அந்த டாம் ரோலண்ட்ஸும் எட் சைமன்ஸும் உடன்பிறந்தவர்களே இல்லை. 1989இல் மான்செஸ்டர் பல்கலைக்கழகத்தில் பழகியவர்கள். முதலில் 'டஸ்ட் பிரதர்ஸ்' என்று பெயர் வைத்துக்கொண்டார்கள். அமெரிக்காவில் அதே பெயரில் ஏற்கெனவே இன்னோர் இருவர் இருந்ததால் 1995இல் மாற்ற வேண்டியதாயிற்று. பெயரை மாற்றினாலும் அண்ணன் தம்பி உறவை விடவில்லை. இசைக்காணொளி, ஆடலிசை இரண்டையும் எடுத்துக்கொள்கிறேன்.

> 'ஒத்திசைவு' என்ற சொல் இருக்கிறதே, போதாதா?

இங்கேதான் எனக்கு இடிக்கிறது. ஒத்திசைவு எல்லா இசைக்காணொளியிலும் ஏதாவது ஓர் அளவில் உண்டு. நான் ஒரு சோதனை செய்து பார்த்தேன்: ஒலியை முழுக்க நிறுத்திவிட்டுப் படத்தை மட்டும் ஓட விடுவது.

முதலில் இதே குழுவின் 'எலெக்ட்ரோபேங்க்', 1997இல் ஸ்பைக் ஜோன்ஸ் இயக்கியது. ஜிம்னாஸ்டிக்ஸ் போட்டியில் ஒரு பெண். நடித்தவர் சோஃபியா கொப்போலா. ஒலியே இல்லாமலும் கதை தெளிவாகப் புரிகிறது. இவள் வெல்வாளா மாட்டாளா என்று கையைப் பிசைந்துகொண்டு பார்க்கலாம். 1999இன் 'ஹே பாய் ஹே கேர்ள்' அப்படித்தான்: எலும்புகளின் மேல் பித்துக்கொண்ட சிறுமி, வளர்ந்த பிறகு ஆடலரங்கில் ஆடுகிறவர்களை எலும்புக்கூடுகளாகப் பார்க்கிறாள். ஒலியை நிறுத்தினால் இசை போய்விடுகிறது, கதை மிஞ்சுகிறது.

ஸ்டார் கிட்டாரை அப்படி ஓட விட்டால் மிஞ்சுவது கதை இல்லை, இசை! காதில் ஒன்றும் விழாமலேயே தொடையில் தாளம் போட முடிகிறது. என் கை தன்னால் போட்டது, நானே பார்த்தேன். படம் இசைக்கு ஒத்துப்போவது வேறு, படமே இசையாக இருப்பது வேறு. ஒத்திசைவு என்ற ஒரு சொல்லை வைத்து இரண்டையும் சொன்னால் வேறுபாடு காணாமல் போகிறது.

கோந்த்ரி அதைச் செய்த விதத்தைப் பார்த்தாலும் இது தெரியும். பிரான்சின் தென்பகுதியில் நீம் நகருக்கும் வலான்ஸுக்கும் இடையே ரயிலில் போய்ப் படம் எடுத்திருக்கிறார். அதற்கு முன் இசையைக் கட்டம் போட்ட தாளில் எழுதிப் பிரித்துக்கொண்டார். பிறகு ஆரஞ்சுப் பழம், முள்கரண்டி, ஒலிநாடா, புத்தகம், கண்ணாடித் தம்ளர், ஷூ என்று கைக்குக் கிடைத்ததை வரிசையாக வைத்து, எந்த ஒலிக்கு எது என்று ஒத்திகை பார்த்திருக்கிறார். அந்த வரிசையைப் பார்க்கிறபோது எனக்குச் சுரம் எழுதிய தாள்போல்தான் இருந்தது. பழத்துக்குப் பதில் கட்டடம், மேசைக்குப் பதில் நிலம்.

இதை அவர் முன்பே ஒருமுறை செய்திருக்கிறார், வேறொரு குழுவுக்கு. டாஃப்ட் பங்க்கின் 'அரவுண்ட் தி வேர்ல்ட்', 1997. வட்டமான மேடையில் ஐந்து வகை ஆட்கள். மம்மிகள் டிரம் இயந்திரத்துக்கு, எலும்புக்கூடுகள் கிட்டாருக்கு, நீச்சலுடைப் பெண்கள் சின்தசைசருக்கு, விளையாட்டு வீரர்கள் பேஸ் என்ற கீழ்த்தொனிக் கிட்டாருக்கு, ரோபோக்கள் குரலுக்கு. பேஸ் இறங்கினால் வீரர்கள் படியில் இறங்குகிறார்கள். நடனம் அமைத்தவர் பிளாங்கா லீ.

நான் நினைத்த சொல் 'தாளக்காட்சி'. என்ன சொல்கிறீர்கள்?

*

வணக்கம். நான் படத்தொகுப்பு வேலை செய்கிறவள். அதனால் சொல்லுக்குள் இல்லாமல் மேசையிலிருந்து பேசுகிறேன்.

தாளக்காட்சி அழகான சொல், ஆனால் வெளியே விட்ட மறுநாளே வேறு பொருளுக்குப் போய்விடும். தாளத்தின் அடியில் வெட்டுவது எங்கள் தொழிலின் அரிச்சுவடி. அடிக்கு ஒரு வெட்டு வைத்து யார் எதைச் செய்தாலும் தாளக்காட்சி என்று சொல்லிக்கொள்வார்கள். ஸ்டார் கிட்டாரில் கண்ணுக்குத் தெரிகிற வெட்டே கிடையாது. ஒரே மூச்சில் எடுத்ததுபோல் ஓடுகிறது. தாளம் வெட்டிலிருந்து வரவில்லை, சட்டகத்துக்குள் கடந்துபோகிற பொருளிலிருந்து வருகிறது. உங்கள் சொல்லில் அந்தப் பொருள் இல்லை.

தாளம் மட்டும் அங்கே இருக்கிறது என்பதும் முழு உண்மை இல்லை. ஓர் ஒலியின் நிறம் மாறினால் அதற்குரிய பொருளும் மாறுகிறது. தாளம் என்று பெயர் வைத்தால் இதெல்லாம் வெளியே நின்றுவிடும்.

எனக்குத் தோன்றுவது, மொத்தக் காணொளிக்குப் பெயர் தேடுவதை விட்டுவிட்டு அந்தப் பொருளுக்குப் பெயர் வைக்க வேண்டும். ஓர் ஒலிக்கு நின்று ஆடும் கம்பம், ஒரு கருவிக்கு நின்று ஆடும் மம்மி. எழுத்துக்கு உரு எழுத்துரு என்றால், ஒலிக்கு உரு 'ஒலியுரு'. அலகுக்குப் பெயர் கிடைத்துவிட்டால் மொத்தத்துக்குப் பெயர் தானாக வரும்: ஒலியுருக் காணொளி.

*

அம்மா சொல்வது சரி. என் ஒத்திசைவைத் திரும்பப் பெற்றுக்கொள்கிறேன்.

ஒலியன் என்றும் உருபன் என்றும் மொழியியலில் இரண்டு சொற்கள் இருப்பதால் முதலில் சற்றுத் தயங்கினேன். ஆனால் யாரும் இதை அவற்றோடு குழப்பிக்கொள்ள வாய்ப்பில்லை. உரு என்ற சொல்லுக்கு நம் மொழியில் வேறொரு பொருளும் உண்டு: உருப்போடுதல். ஒன்றையே திரும்பத் திரும்பச் சொல்லிப் பதித்துக்கொள்வது. ஒரே துணுக்கைச் சுழற்றிச் சுழற்றி ஒலிக்கவிடும் இசைக்கு இது தற்செயலாகவே பொருந்திவிட்டது. தம்பி, வாக்கியத்தில் வைத்துப் பார்த்துவிட்டுச் சொல். அகராதியில் நன்றாக இருக்கிற சொற்கள் பல வாக்கியத்தில் நொண்டும்.

*

இருவருக்கும் நன்றி. வைத்துப் பார்த்தேன்.

'சன்னலைக் கடக்கும் ஒவ்வொரு கம்பமும் ஓர் ஒலியுரு.' நிற்கிறது.

'அரவுண்ட் தி வேர்ல்டில் மம்மிகள் டிரம் இயந்திரத்தின் ஒலியுரு.' இதுவும் நிற்கிறது. ஒருமை பன்மை கொஞ்சம் உரசுகிறது, பரவாயில்லை.

'ஸ்டார் கிட்டார் ஓர் ஒலியுருக் காணொளி.' வாயில் வர இரண்டு முறை ஆயிற்று. மூன்றாவது முறை பழகிவிட்டது.

இடறிய இடம் 'லெட் ஃபாரெவர் பீ'. 1999இல் இதே கோந்த்ரி இதே குழுவுக்கு எடுத்தது. கடையில் வேலை பார்க்கும் ஒரு பெண்ணின் விழிப்பும் கனவும் மாறி மாறி வருகின்றன. வீடியோ வித்தையில் அவள் உருவம் பலவாகப் பிரியும். அடுத்த நொடி அதே அமைப்பில் நிஜமான பெண்கள் வரிசையாக நின்று ஆடுவார்கள். அங்கே ஆட்கள் ஒலிக்கு உருவாக நிற்கவில்லை, வீடியோ வித்தைக்கு உருவாக நிற்கிறார்கள். ஒலியுரு என்று அதைச் சொன்னால் பொய். ஆகவே அந்தப் பத்தியில் இந்தச் சொல்லைப் பயன்படுத்தவில்லை. ஒரு சொல் எங்கே பொருந்தாது என்று தெரிந்தபோதுதான் அதன் மேல் எனக்கு நம்பிக்கை வந்தது.

2010இல் வந்த 'ஃபர்தர்' தொகுப்பையும் சேர்க்க வேண்டும். அதிலுள்ள 8 துண்டுகளுக்கும் ஆளுக்கொரு படம் உண்டு, ஆடம் ஸ்மித்தும் மார்கஸ் லயலும் செய்தவை. மேடையில் இசைப்பவர்களுக்குப் பின்னால் பெரிய திரையில் ஓடுகிற 'விஷுவல்ஸ்' வகை. அதற்குப் 'பின்திரைக் காட்சி' என்று எழுதியிருக்கிறேன். ஆட்சேபம் இருந்தால் தனி இழையில் திட்டுங்கள்.

கட்டுரையில் 'பாடல் காட்சி' என்று இருந்த இடங்களையெல்லாம் இசைக்காணொளி என்று மாற்றியாயிற்று. ஒரே ஓர் இடத்தில் கை வரவில்லை. 2016இன் 'வைட் ஓப்பன்'. காலியான பெரிய கூடத்தில் ஒரு பெண் தனியாக ஆடுகிறாள். ஆடியவர் சொனோயா மிசுனோ. வெட்டே இல்லாமல் ஒரே ஓட்டத்தில் போகிறது. ஆட ஆட அவள் உடல் கொஞ்சம் கொஞ்சமாக வெள்ளை வலைப்பின்னலாக மாறி, அந்தப் பக்கம் இருக்கும் சுவர் உடலுக்குள் வழியே தெரிகிறது. அதில் பெக் என்ற பாடகர் முழுப் பாட்டையும் பாடுகிறார். அங்கே மட்டும் 'பாடல்' என்ற சொல்லை இருக்கட்டும் என்று விட்டுவிட்டேன்.