எலீஸ் 111ஆரைக் கொடுத்துவிட்டுக் கேமன் ஜிடி4 வாங்கலாமா? இரண்டையும் பந்தயத்தடத்தில் ஓட்டியவர்கள் சொல்லுங்கள்

கேள்வி: கென்ட்வாசி

நண்பர்களுக்கு வணக்கம். 2005ஆம் ஆண்டு லோட்டஸ் எலீஸ் 111ஆர் ஒன்றை ஒன்பது ஆண்டுகளாக வைத்திருக்கிறேன். ஆண்டுக்கு ஆறேழு நாள்கள், பெரும்பாலும் பிராண்ட்ஸ் ஹாட்சிலும் ஸ்னெட்டர்ட்டனிலும், பந்தயத்தடத்தில் ஓட்டுவேன். மற்றபடி ஞாயிற்றுக்கிழமைக் காலைகளில் மட்டுமே அது வீட்டை விட்டு வெளியே வரும். இப்போது அதை ஒரு விற்பனையாளரிடம் கொடுத்து, மேற்கொண்டு பணம் சேர்த்து, 2015ஆம் ஆண்டு போர்ஷே கேமன் ஜிடி4 வாங்கும் வாய்ப்பு வந்திருக்கிறது.

மாற்ற நினைப்பதற்கு என் முதுகுதான் முதற்காரணம். எலீஸின் அகன்ற பக்கச் சட்டத்தைத் தாண்டி உள்ளே இறங்கி ஏறுவது ஒவ்வோர் ஆண்டும் கடினமாகி வருகிறது. மழையில் இரண்டு மணி நேரம் நெடுஞ்சாலையில் ஓட்டித் தடத்தை அடையும்போதே பாதி களைப்பு வந்துவிடுகிறது. இரண்டாவது காரணம் நேர்ப்பாதைகள். வளைவுகளில் நான் நெருங்கிப் பிடிக்கும் கார்கள் எல்லாம் நேர்ப்பாதை வந்ததும் விலகிப் போய்விடுகின்றன. 192 குதிரைத்திறன் என்பது 860 கிலோ காருக்குக் குறைவில்லைதான். ஆனாலும் ஸ்னெட்டர்ட்டனின் பென்ட்லி நேர்ப்பாதையில், பின்னால் வருபவருக்கு ஒவ்வொரு சுற்றிலும் வழிவிட்டே ஓட்ட வேண்டியிருக்கிறது.

ஜிடி4 காரைச் சாலையில் அரை மணி நேரம் ஓட்டிப் பார்த்தேன். இன்ஜினும் கியர் மாற்றும் விதமும் மனத்தைக் கவர்ந்தன. ஆனால் ஸ்டீயரிங் என்னிடம் எதுவும் பேசவில்லை. எலீஸில் சாலையில் கிடக்கும் ஒரு வெள்ளைக் கோட்டைக் கடந்தாலும் உள்ளங்கைக்குத் தெரியும். அந்த உணர்வை இழந்தால் அது தடத்திலும் உறுத்துமா, அல்லது வேகம் கூடும்போது ஜிடி4 தன் மொழியில் பேசத் தொடங்குமா என்பதே என் முதன்மையான கேள்வி. டயருக்கும் பிரேக்குக்கும் ஆகும் செலவு எவ்வளவு கூடும் என்பதையும் அனுபவப்பட்டவர்கள் சொன்னால் உதவியாக இருக்கும்.

பதில் 1: ஸ்னெட்டர்ட்டன் அண்ணன்

வணக்கம். நீங்கள் செய்ய நினைப்பதையே நான் மூன்று ஆண்டுகளுக்கு முன் செய்தேன். அதே 111ஆர், அதே 981 ஜிடி4 (981 என்பது அந்தத் தலைமுறைக் கேமனுக்குப் போர்ஷே வைத்த எண்). ஆகவே சற்று விரிவாகவே எழுதுகிறேன்.

ஸ்டீயரிங்கைப் பற்றி நீங்கள் சொல்வது சரி. எலீஸில் பவர் ஸ்டீயரிங் கிடையாது. முன்பக்க டயரின் அகலம் 175 மில்லிமீட்டர்தான். ஜிடி4இல் மின்விசை உதவியோடு 245 மில்லிமீட்டர் டயரைத் திருப்புகிறீர்கள். சாலை வேகத்தில் அது ஊமையாக இருப்பது போலத்தான் தோன்றும். ஆனால் டயர் சூடாகி, பிரேக் பிடித்தபடி வளைவுக்குள் நுழையும்போது முன்சக்கரங்களின் பிடிப்பு எங்கே குறையத் தொடங்குகிறது என்பது கைக்கு வந்து சேர்கிறது. ஜிடி4இன் முன் அச்சுப் பாகங்கள் போர்ஷேயின் 911 ஜிடி3 காரிலிருந்து எடுக்கப்பட்டவை. அதன் பயன் அந்த வேகத்தில்தான் விளங்கும். எலீஸ் தரும் அளவுக்குச் செய்தி வருமா என்றால் வராது. தேவைப்படும் அளவுக்கு வரும்.

பெரிய மாற்றம் ஓட்டும் முறையில்தான். பிராண்ட்ஸ் ஹாட்சின் பேடக் ஹில் வளைவை எடுத்துக்கொள்ளுங்கள். வலப்பக்கம் திரும்பும்போதே தரை கீழே சரிகிறது. திரும்பத் தொடங்கும் இடத்திலிருந்து வெளியேறும் இடம் தெரியாது. எலீஸில் நான் பிரேக்கை மெல்லத் தொட்டு, வேகத்தை இழக்காமல் உள்ளே நுழைந்து, அந்தச் சேமிப்போடு டுரூயிட்ஸ் மேட்டை ஏறுவேன். இழந்த வேகத்தைத் திரும்பச் சம்பாதிக்க அந்த இன்ஜினுக்கு நேரம் பிடிக்கும் என்பதால் வேகத்தைக் காப்பதே எலீஸ் ஓட்டுநரின் முழுக் கலையும். எலீஸில் உள்ள டொயோட்டாவின் 1.8 லிட்டர் இன்ஜினில், வால்வுகளை இன்னும் அகலத் திறந்து முழுத் திறனைத் தரும் கேமுக்கு மாறும் இடமே நிமிடத்துக்கு 6,200 சுற்றுகளுக்கு அருகில்தான். அதற்குக் கீழே விழுந்தால் அந்த வளைவு வீண். ஜிடி4இல் இதே பழக்கத்தோடு போன முதல் நாள், காரின் திறனில் பாதியைக்கூட நான் பயன்படுத்தவில்லை. நேராக இருக்கும்போதே அழுத்தமாகப் பிரேக் பிடித்து, எடையை முன்னால் கொண்டுவந்து, காரைத் திருப்பி, பிறகு 3.8 லிட்டர் இன்ஜினை நம்பி வெளியேற வேண்டும். 4,750 சுற்றுகளிலிருந்தே 420 நியூட்டன்-மீட்டர் முறுக்குவிசை கிடைப்பதால், சிறு தவறு செய்தாலும் அடுத்த நேர்ப்பாதையில் ஈடுகட்டிவிடலாம். இதைக் கற்றுக்கொள்ள எனக்கு நான்கு நாள்கள் ஆயின.

எல்லையைத் தாண்டும்போது இரண்டும் நடந்துகொள்ளும் விதமும் வேறு. எலீஸ் குட்டையானது, லேசானது. வளைவின் நடுவே பயந்து ஆக்சிலரேட்டரை விட்டால் பின்பக்கம் சுழன்றுவிடும். அதைப் பிடிக்கக் கிடைக்கும் நேரம் மிகக் குறைவு. ஜிடி4 சறுக்கத் தொடங்குவதைச் சொல்லிவிட்டுச் சறுக்குகிறது. பின்னால் இயந்திரப் பூட்டு டிஃபரென்ஷியல் இருப்பதால் வளைவிலிருந்து வெளியேறும்போது உட்சக்கரம் வீணாகச் சுற்றுவதில்லை. நனைந்த தடத்தில் அதன் நிலைப்புக் கட்டுப்பாடு என்னை இருமுறை காப்பாற்றியிருக்கிறது என்பதை நன்றியோடு எழுதுகிறேன்.

எனக்குள்ள ஒரே மனக்குறை கியர் விகிதங்கள். அவை நீளமானவை, இரண்டாவது கியரே ஏறக்குறைய 130 கிலோமீட்டர் வேகம் வரை போகும். பிராண்ட்ஸ் ஹாட்சின் 1.94 கிலோமீட்டர் சிறிய சுற்றில் இரண்டாவதும் மூன்றாவதும் போதும். இவ்வளவு அருமையான கியர் லீவரை இவ்வளவு குறைவாகத் தொடுவது வருத்தமாக இருக்கும். ஸ்னெட்டர்ட்டனில் அந்தக் குறை தெரிவதில்லை.

முதுகுவலி இருந்தால் மாற்றுங்கள். ஆனால் கார்பன் பக்கெட் இருக்கை பொருத்திய காரை வாங்குமுன் அதில் ஒரு மணி நேரமாவது உட்கார்ந்து பாருங்கள். எல்லா முதுகுக்கும் அது பொருந்துவதில்லை.

பதில் 2: ஐஃபல் மலைவாசி

நான் எதிர்த்திசையில் போனவன் என்பதால் இந்த உரையாடலில் என் கருத்தும் இருக்க வேண்டும் என்று நினைக்கிறேன். ஜெர்மனியில், நூர்பர்க்ரிங்கிலிருந்து ஒரு மணி நேரத் தொலைவில் இருக்கிறேன். 981 கேமன் எஸ் வைத்திருந்தேன்; ஜிடி4 அல்ல, 325 குதிரைத்திறன் கொண்ட 3.4 லிட்டர் கார். அதைக் கொடுத்துவிட்டு எலீஸ் வாங்கினேன்.

முதலில் கேமனுக்கு உரிய மரியாதையைக் கொடுத்துவிடுகிறேன். நூர்பர்க்ரிங்கின் 20.8 கிலோமீட்டர் நீளமுள்ள வடக்குச் சுற்றான நார்ட்ஷ்லைஃபேயில், ஃபுக்ஸ்ரோரே பள்ளத்தில் கார் முழு வேகத்தில் அமுங்கி எழும் இடத்தில், கேமன் தந்த நம்பிக்கையை எலீஸ் எனக்கு இன்றுவரை தந்ததில்லை. நீண்ட, வேகமான, மேடு பள்ளமான தடம்தான் உங்கள் தடம் என்றால் நான் வேறு எதுவும் சொல்ல மாட்டேன்.

ஆனால் நீங்கள் ஓட்டுவது பெரும்பாலும் பிராண்ட்ஸ் ஹாட்சில். கேமனை நான் விட்டதற்குக் காரணம், அதன் எல்லையைத் தொட வேண்டுமானால் தவறு பெரும் விபத்தாகிவிடும் வேகத்தில் ஓட்ட வேண்டியிருந்ததுதான். எலீஸில் மணிக்கு 90 கிலோமீட்டரிலேயே நான்கு சக்கரங்களும் வேலை செய்வதை உணர்கிறேன். ஒரு நாள் முழுவதும் ஓட்டினாலும் பிரேக் சோர்வதில்லை. டயர்கள் அடுத்த பருவத்துக்கும் மிஞ்சுகின்றன. ஆண்டு முடிவில் கணக்குப் பார்த்தால், ஒரே பணத்தில் கேமனில் ஓட்டியதைவிட இரண்டு மடங்கு நாள்கள் ஓட்டியிருக்கிறேன்.

வேகம்தான் குறை என்றால், எலீஸை வைத்துக்கொண்டே அதைத் தீர்க்க வழி உண்டு. லோட்டஸே 2006இல் இதே இன்ஜினுக்குச் சூப்பர்சார்ஜர் பொருத்தி எக்ஸிஜ் எஸ் காரை விற்றது. இதே மாற்றத்தை 111ஆருக்குச் செய்து தரும் பட்டறைகள் இங்கிலாந்தில் உள்ளன. முதுகுதான் குறை என்றால் அதற்கு மருந்து இல்லை. அந்தப் பக்கச் சட்டம் ஒட்டுச் சேர்ப்பு அலுமினியச் சட்டகத்தின் உயிர்நாடி. அதைக் குறைக்க முடியாது.

எனவே என் வேண்டுகோள் ஒன்றுதான்: சாலையில் அரை மணி நேரம் ஓட்டியதை வைத்து முடிவெடுக்காதீர்கள். ஒரு ஜிடி4 காரில், ஓட்டுநராக, உங்கள் தடத்தில் ஒரு முழு நாளைக் கழித்துவிட்டு முடிவெடுங்கள்.

பதில் 3: பட்டறைக்காரர்

மேலே இருவரும் ஓட்டும் உணர்வைச் சொல்லிவிட்டார்கள். நான் செலவையும் சோதிக்க வேண்டியவற்றையும் மட்டும் சொல்கிறேன்.

ஓட்டுநர் எடை 80 கிலோ என்று வைத்துக்கொண்டால் எலீஸ் 940 கிலோ, ஜிடி4 1,420 கிலோ. ஒரே நேர்ப்பாதையின் முடிவில் எலீஸ் மணிக்கு 180 கிலோமீட்டரிலும் ஜிடி4 200 கிலோமீட்டரிலும் வருவதாகக் கொள்வோம். எலீஸின் இயக்க ஆற்றல் ஏறக்குறைய 11 லட்சத்து 75 ஆயிரம் ஜூல். ஜிடி4இன் ஆற்றல் ஏறக்குறைய 21 லட்சத்து 90 ஆயிரம் ஜூல். வேகத்தில் வேறுபாடு 20 கிலோமீட்டர்தான். பிரேக் வெப்பமாக்கிக் கரைக்க வேண்டிய ஆற்றலோ இரு மடங்கை நெருங்குகிறது. அதனால்தான் ஜிடி4இல் நான்கு சக்கரங்களிலும் 380 மில்லிமீட்டர் டிஸ்க் வைத்திருக்கிறார்கள், எலீஸ் 288 மில்லிமீட்டரோடு நிம்மதியாக வாழ்கிறது. பேடு, டிஸ்க், பிரேக் ஆயில், 20 அங்குல டயர் ஆகிய அனைத்தும் இந்தக் கணக்கின் வழியேதான் உங்கள் பையை வந்தடையும். அடிக்கடி தடம் போகிறவர் செராமிக் பிரேக் உள்ள காரைத் தேடி அலைய வேண்டாம். எஃகு டிஸ்க்கே போதும், மாற்றுவதும் மலிவு.

ஜிடி4 வாங்குமுன் இன்ஜின் கணினியில் பதிவாகியிருக்கும் மிகைச்சுழற்சிப் பதிவுகளை (இன்ஜின் அளவு மீறிச் சுழன்ற தடவைகளை) கட்டாயம் எடுத்துப் பாருங்கள். இந்தக் கார் மேனுவல் கியருடன் மட்டுமே வந்தது. நான்காவதுக்குப் பதில் இரண்டாவதில் தவறிப் போட்டவர் யாராவது இருந்தால், எத்தனை தடவை, எந்த அளவுக்கு என்பதை அந்தப் பதிவு காட்டிவிடும்.

எலீஸை விற்பதைப் பற்றி: தடத்தில் ஓடிய கார் என்று தெரிந்தாலே விற்பனையாளர்கள் விலையைக் குறைப்பார்கள், நேரடியாக ஓர் ஆர்வலருக்கு விற்றால் அதே தட வரலாறு உங்கள் பக்கம் பேசும். பின்சக்கரத்தின் திசையைப் பிடித்துவைக்கும் தண்டான டோ-லிங்க்கை வலுவானதாக மாற்றியிருந்தால் அதன் ரசீதையும், நீண்ட வளைவுகளில் எண்ணெய் ஒருபக்கம் ஒதுங்காமலிருக்கத் தடுப்புள்ள சம்ப் (இன்ஜினடி எண்ணெய்த் தொட்டி) போட்டிருந்தால் அதன் ரசீதையும் எடுத்து வையுங்கள். அறிந்தவர்கள் முதலில் கேட்பது அவற்றைத்தான். பின்பு, முன்பக்க ஃபைபர் கூட்டில் வெடிப்பு இருக்கிறதா என்று பார்ப்பார்கள். அது ஒரே துண்டாக இருப்பதால் சிறு மோதலும் பெரிய செலவு.

இன்னொன்று: சாதாரணச் சாலைக் காப்பீடு இங்கிலாந்தில் பெரும்பாலும் தட நாள்களுக்குச் செல்லாது. நாள் கணக்கில் தனியாக எடுக்கும் காப்பீட்டின் கட்டணம் காரின் மதிப்பைப் பொறுத்தது. எலீஸுக்கு அதை எடுக்காமல் ஓட்டியிருப்பீர்கள். ஜிடி4 காரில் அப்படி ஓட்டாதீர்கள்.

கென்ட்வாசி

மூவருக்கும் மனமார்ந்த நன்றி. ஐஃபல் நண்பரின் வார்த்தைகளைப் படித்தபின் விற்பனையாளரை அழைத்து, இந்த மாதம் முடிவு சொல்ல இயலாது என்று தெரிவித்துவிட்டேன். அவர் சொன்ன எக்ஸ்சேஞ்ச் விலை, பட்டறைக்காரர் எச்சரித்தபடியே, குறைவாகத்தான் இருந்தது. சம்ப், டோ-லிங்க் ரசீதுகள் இரண்டும் என்னிடம் இருக்கின்றன. மாற்றுவதென்று முடிவானால் எலீஸைத் தனியாகவே விற்பேன்.

ஸ்னெட்டர்ட்டன் அண்ணன் தனிச்செய்தியில் எழுதி, அடுத்த மாதம் தன் காரில் இரண்டாம் ஓட்டுநராக என் பெயரையும் பதிவு செய்வதாகச் சொல்லியிருக்கிறார். நான் என் எலீஸையும் கொண்டுவருகிறேன். காலையில் ஒன்று, மாலையில் ஒன்று என்று ஒரே தடத்தில் இரண்டையும் ஓட்டப் போகிறேன். அந்த நாளுக்கான காப்பீட்டுச் செலவு என்னுடையது. அண்ணா, ஒன்று மட்டும் முன்கூட்டியே சொல்லுங்கள்: ஜிடி4இல் டயர் காற்றழுத்தத்தை எதிலிருந்து தொடங்குகிறீர்கள்?

ஸ்னெட்டர்ட்டன் அண்ணன்

ஜிடி4இல் வரும் மிஷெலின் கப் 2 டயர் சூடானபின் 2.2 முதல் 2.3 பார் வரை நிற்க வேண்டும் என்பது என் பழக்கம். ஆகவே குளிர்ந்த காலையில் 1.9க்கு அருகில் தொடங்கி, ஒவ்வொரு முறை உள்ளே வரும்போதும் அளந்து, கூடியதை வெளியேற்றுகிறேன். முதல் இரண்டு சுற்றுகளை மெதுவாக ஓட்டுங்கள். சூடாகாத கப் 2, எலீஸில் நீங்கள் பழகிய டயரைப் போல் மன்னிக்காது. அளவியை நான் கொண்டுவருகிறேன்.