புதுப்பிப்பு: கிணற்றுத் தரவும் என் பெயரும்

இரணைமடுப் பக்கக் கிணறுகளின் உவர்த்தன்மை பற்றி நான் செய்த இறுதியாண்டு ஆய்வு, என் பெயரே இல்லாமல் மேற்பார்வையாளரின் பெயரில் ஆய்விதழில் வந்ததை முன்பு எழுதியிருந்தேன். வழக்குப் போடு என்றீர்கள்.

கிளிநொச்சியில் ஒரு சட்டத்தரணி அக்காவிடம் கேட்டேன். 2003 ஆம் ஆண்டின் 36 ஆம் இலக்கப் புலமைச் சொத்துச் சட்டம் வெறும் தரவைக் காக்காதாம், நான் எழுதிய வசனங்களைத்தான் காக்கும், அதில் என் பெயரைப் போடச்சொல்லிக் கேட்கும் உரிமையும் உண்டு. நல்லகாலம், மேற்பார்வையாளர் ஐயா முன்னுரையில் இரண்டு பந்தியை அப்படியே தூக்கிப் போட்டிருக்கிறார். அட்டவணையில் நான் வைத்த 'வேம்படி-3' என்ற குறியீடுகூட மாறவில்லை, மாற்றப் பஞ்சி போல.

ஆய்விதழ்க்காரர் இதற்குத் தாங்கள் தீர்ப்புச் சொல்வதில்லை, அவர் வேலை செய்யும் நிறுவனம்தான் விசாரிக்க வேண்டும் என்றார்கள். வழமையான நடைமுறைதான். சரி என்று களக்குறிப்பேட்டின் பிரதி, வரைவு அனுப்பிய மின்னஞ்சல்கள் எல்லாம் சேர்த்துப் பதிவுத் தபாலில் அந்த நிறுவனத்துக்கு முறைப்பாடு அனுப்பினேன். சத்தமே இல்லை. அப்புறம் 2016 ஆம் ஆண்டின் தகவல் அறியும் உரிமைச் சட்டத்தில் முறைப்பாடு என்னவானது என்று கேட்டு விண்ணப்பம் போட்டேன், கேட்ட தகவலைத் தருவதா மறுப்பதா என்று 14 வேலை நாளுக்குள் சொல்லியாக வேண்டும். விசாரணைக் குழு அமைத்ததாகக் கடிதம் வந்துவிட்டது!

இடையில் ஒருவர், "தம்பி, விட்டிடும், நாளைக்குச் சிபாரிசுக் கடிதம் வேணுமெல்லே" என்றார். வேறு இடத்தில் வாங்கிக்கொள்கிறேன். விசாரணைத் திகதி வந்ததும் எழுதுகிறேன்.