புதுப்பிப்பு: ரிமாவ் தீவில் நங்கூரம் நிற்காத பிரச்சினை தீர்ந்தது

பினாங்கின் தெற்கே ரிமாவ் தீவருகே ராத்திரியில் எங்கள் பாய்மரப் படகு நங்கூரத்தை இழுத்துக்கொண்டு நகர்ந்ததைப் பற்றிக் கேட்டிருந்தேன். பதில் சொன்ன எல்லாருக்கும் நன்றி. புது நங்கூரம் வாங்கவில்லை. சங்கிலிக் கணக்கைப் பார்க்கச் சொன்ன அண்ணன் சொன்னதுதான் சரி.

நீர் வற்றியிருந்தபோது ஆழம் 5 மீட்டர். ஆழத்தைப்போல் ஐந்து மடங்கு சங்கிலி விட வேண்டுமென்று 25 மீட்டர் விட்டிருந்தேன். நீர் ஏறினால் கூடும் 2 மீட்டர், படகு முனையின் உயரம் 1 மீட்டர், இரண்டையும் மறந்துவிட்டேன். மொத்தம் 8 மீட்டருக்கு 40 மீட்டர் சங்கிலி வேண்டும். இம்முறை அப்படியே விட்டு, நங்கூரம் பிடித்திருக்கிறதா என்று என்ஜினை ரிவர்ஸில் போட்டு இழுத்தும் பார்த்தோம். விடியற்காலையில் சுமத்ரா காற்று (சுமத்ரா தீவுப் பக்கமிருந்து திடீரென வரும் பலத்த காற்று) அடித்தது; படகு அசையவில்லை, பிள்ளைகள் எழவே இல்லை.

எதிர்பாராதது சேறு. சங்கிலியோடு கறுப்பாக அப்பிக்கொண்டு வந்ததை வாளி வாளியாக ஊற்றிக் கழுவ முக்கால் மணி நேரம். முதுகு இன்னும் வலிக்கிறது.