பல் பிரிட்ஜுக்கு அடியில் எலும்பு வளர்ந்தவர்கள் உங்கள் அனுபவத்தைச் சொல்லுங்கள்

அம்மாவுக்குக் கீழ்த்தாடையில் முதல் கடவாய்ப் பல்லை எடுத்துப் பல வருஷம் ஆகிறது. அந்த இடத்தில் பிரிட்ஜ் போட்டிருக்கிறார்கள்: இரண்டு ஓரத்துப் பல்லிலும் மாட்டிய உறை (கேப்), நடுவில் வேர் இல்லாத பொய்ப்பல். அந்தப் பொய்ப்பல்லுக்கும் ஈறுக்கும் நடுவே குட்டி பிரஷ் விட்டுச் சுத்தம் செய்யாமல் அம்மா படுக்கப் போக மாட்டார். கொஞ்ச நாளாக பிரஷ் உள்ளே போகவில்லை என்றார். விரலால் தொட்டுப் பார்த்தேன். ஈறு வீங்கினால் மெத்தென்று இருக்குமே, அப்படி இல்லை, கெட்டியாக இருந்தது. வலியும் இல்லை, ரத்தமும் இல்லை.

முதலில் போன இடத்தில் எக்ஸ்ரேகூட எடுக்காமல் "கட்டி மாதிரி இருக்கிறது, எடுத்துவிடலாம்" என்றார்கள். எங்கள் சித்தப்பா வாய்ப்புற்றில் போனவர். கட்டி என்று காதில் விழுந்ததிலிருந்து அம்மாவுக்குச் சாப்பாடு இறங்கவில்லை. ஒரு படம் எடுத்துப் பார்த்துவிட்டுப் பேசியிருக்கலாம் என்று இன்றைக்கும் எனக்குக் கோபம் வருகிறது.

இரண்டாவதாகப் பார்த்த டாக்டர் புது எக்ஸ்ரேயையும் பழையதையும் பக்கத்தில் வைத்துக் காட்டினார். பழைய படத்தில் பொய்ப்பல்லுக்கு அடியில் கறுப்பாக இடைவெளி தெரிந்தது. புதியதில் அதே இடத்தில் வெள்ளையாக ஒரு மேடு, தாடை எலும்போடு சேர்ந்தே எழும்பி, பொய்ப்பல்லின் அடிப்பக்க வளைவுக்குத் தக்கபடி நின்றது. பல் எடுத்த இடத்தில் எலும்பு கரைவதுதான் வழக்கம், இங்கே அது வளர்ந்திருக்கிறது, ஆனால் புற்று இல்லை என்றார். 1971-லேயே மருத்துவ இதழில் பதிவான விஷயமாம். அநேகமாகக் கீழ்த்தாடையின் பின்பக்கத்தில்தான் வரும், மேல்தாடையில் அபூர்வம். மெல்லும்போது பிரிட்ஜ் வழியாக இறங்கும் அழுத்தம், ஈறில் ஏற்படும் உறுத்தல், உடல்வாகு என்று பல காரணங்களைச் சொல்கிறார்கள்; இதுதான் என்று எதுவும் முடிவாகவில்லை. அம்மாவுக்கு நாக்கின் இரு பக்கமும் தாடையின் உட்புறத்தில் எலும்பு முடிச்சு உண்டு. அப்படி இருப்பவர்களுக்கு இதுவும் சேர்ந்து வருவது உண்டாம்.

இப்போதைக்கு வெட்ட வேண்டாம், அவ்வப்போது எக்ஸ்ரே எடுத்துப் பார்ப்போம் என்று முடிவாகியிருக்கிறது. பிரஷுக்குப் பதில், நுனி விறைப்பாக இருக்கும் சூப்பர் ஃப்ளாஸ் என்ற பல்லிடுக்கு நூலைக் கோத்து இழுக்கிறார். சிரமப்பட்டுத்தான் போகிறது.

உங்களில் யாராவது அந்த எலும்பை எடுத்திருக்கிறீர்களா?

பதில்:
எனக்கு எடுத்தார்கள் அக்கா. எலும்பு முழுசாக முட்டி ஃப்ளாஸ்கூட நுழையவில்லை; சோறு மாட்டி நாற்றம் வந்து ஓரத்துப் பல் ஈறும் கெட ஆரம்பித்தது. பிரிட்ஜை வெட்டிக் கழற்றி, மரத்துப்போக ஊசி போட்டு, ஈறைத் திறந்து எலும்பைச் செதுக்கினார்கள். வலியே இல்லை. தாடைக்குள் அந்த அதிர்வுதான் ஒரு மாதிரி இருந்தது. ரெண்டு நாள் கன்னம் வீங்கி, கஞ்சி, இட்லி என்று ஓடியது. எடுத்த துண்டைச் சோதனைக்கு அனுப்பினார்கள். சாதாரண முதிர்ந்த எலும்பு என்றே முடிவு வந்தது. புது பிரிட்ஜ் போட்டால் திரும்ப வளரலாம் என்று முன்னாடியே சொல்லிவிட்டார்கள், அதனால் அடியில் நல்ல இடைவெளி விட்டுக் கட்டச் சொன்னேன்.

பதில்:
நான் பல் மருத்துவர். அம்மாவுக்கு இப்போது செய்வது சரியான வழி. பிரிட்ஜைக் கழற்றிய பிறகு இந்த எலும்பு தானாகக் குறைந்த நோயாளிகளும் உண்டு, ஆகவே அவசரம் வேண்டாம். ஆனால் வேகமாகப் பெரிதானாலோ, வலித்தாலோ, மேலே புண் வந்தாலோ, கீழுதடு மரத்துப்போனாலோ அடுத்த செக்கப் தேதிக்குக் காத்திருக்காமல் உடனே காட்டுங்கள். அது வேறு ஏதாவதாக இருக்கக்கூடும். பழைய எக்ஸ்ரேக்களைத் தூக்கிப் போடாதீர்கள். எவ்வளவு வளர்ந்திருக்கிறது என்று பார்க்க எங்களுக்கு அவைதான் வேண்டும்.